மீனாட்சியை வரவழைக்க ஆகும் செலவு

மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து
ஜூன் 9

அன்புத் தங்கை சுபாஷினிக்கு,

அக்கா விக்னேஸ்வரி எழுதுவது. இங்கே நாங்கள் உடம்புக்குச் சுகம். மனசுக்கு என்ன என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். ஈப்போவில் நீயும் திவாகரும் ரஷ்மியும் சுகமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் ஏன் பக்கம் பக்கமாக எழுதித் தபாலில் போடுகிறாள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கிறாய். பக்கத்தில் மீனாட்சி நிற்கிறாள். அவளைப் பற்றிய பேச்சை அவள் காது கேட்கப் பேச முடியாது. அதோடு நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக நடக்கிறார். நடப்பதுதான் பிரச்சினை. போன வாரம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நைட்டிக்கு மேல் நம் பிள்ளை கதிருடைய மழைக்கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, தோளில் தீபாவளிக்கு நீ அனுப்பிய கைப்பை. பஸ் ஸ்டாப்பில் கண்டுபிடித்தேன். தொங்கா நாட்டுப் பெண் ஒருத்தி தன் பஸ்ஸை விட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளைத்தான் நம் அம்மா மீனா, மீனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈப்போ பாசாருக்குப் போக வேண்டுமாம், லேட்டானால் நல்ல மீன் தீர்ந்துவிடுமாம். என்னைப் பார்த்ததும், நீங்க யாரு, மீனாவுக்குச் சொந்தமா என்று மரியாதையாகக் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். வேலைக்குப் போகிற வழியெல்லாம் காரில் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பெற்ற பெண்கள் இரண்டு பேர் இருக்கிறோம். இரண்டு பேர் பெயரும் அம்மாவின் வாயில் வருவதில்லை.

அரசாங்கம் அனுப்புகிற பராமரிப்புப் பெண்கள் வாரத்தில் சில காலைகள் வருகிறார்கள். நல்லவர்கள். ஆனால் அம்மாவுக்கு இங்கிலீஷும் போய்விட்டது, மலாயும் போய்விட்டது. தமிழிலும் சமையலறைத் தமிழ்தான் மிச்சம். வருகிறவள் சோப்பை எடுத்தால் நகையைத் திருட வந்தவள் என்று கத்துகிறார். மற்ற நேரமெல்லாம் நானும் உன் அத்தானும் கதிரும் மாற்றி மாற்றிக் காவல். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும்போதுகூட என் காது வீட்டு வாசல் கதவில்தான் இருக்கிறது. இப்படியே போனால் யாருக்காவது தப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு நான் ஜெயிலுக்குப் போவேன்.

பக்கத்தில் எப்சம் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தோம். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். மதியச் சாப்பாடு மசித்த உருளைக்கிழங்கும் ஏதோ ஒரு பச்சைக் கூழும். தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் இல்லை. வரிசையாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். ஆகஸ்ட் கடைசிக்குள் இடம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். மீனாட்சியை இங்கே வரவழைக்கப் போகிறேன். அவள் ஈப்போவுக்கு வந்ததே அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தானே? அம்மா என்னோடு ஆக்லாந்துக்கு வந்த பிறகு அவளை உன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டாய். சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அம்மாவுக்கு அவள் தேவை.

பாபடோயிட்டோயில் யசீகரன் என்று ஒரு விசா ஆலோசகர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. மீனாட்சி நம் குடும்பத்தில் எப்படி வேலை பார்த்தாள் என்று அத்தாட்சிக் கடிதம் ஒன்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். மீனாட்சி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி. விடிவதற்கு முன் எழுந்து கடைசியாகத்தான் படுப்பாள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொள்வாள், எப்போது கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் எழுந்து வருவாள். இத்தனை வருஷத்தில் வாய் திறந்து ஒரு நாள் லீவு கேட்டதில்லை என்று உருக்கமாக எழுதினேன். படித்தால் விசா அதிகாரியின் கண்ணில் தண்ணீர் வரும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அவளை விட்டுக்கொடு. அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

உன் அக்கா,
விக்னேஸ்வரி


மவுண்ட் ரோஸ்கில்
ஜூலை 14

சுபா,

உன் பதில் வந்தது. வந்தது என்ன, வெடித்தது. ஒன்பது வாய்ஸ் மெசேஜ்! கடைசி மெசேஜில் மூச்சு வாங்கியதை நினைத்து எனக்கே பாவமாகிவிட்டது. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

நீ சொன்னதெல்லாம் விளங்குகிறது. மீனாட்சியின் பெர்மிட் உன் பெயரில் இருக்கிறது, வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு லெவி கட்டுவது நீ, மருத்துவப் பரிசோதனைக்கு அலைந்தது திவாகர், அவளுடைய பாஸ்போர்ட் உன் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, ரஷ்மிக்கு எஸ்.பி.எம். பரீட்சை முடிகிறவரை அவளை எங்கேயும் அனுப்ப முடியாது. அவள் என்ன உன் சீதனமா என்று என்னைக் கேட்டாய். அம்மாவின் வளையலைப் பிரித்துக்கொண்டபோதுகூட நாம் இப்படிச் சண்டை போடவில்லை.

இன்னொன்றும் சொன்னாய். எதற்கு இந்தச் செலவெல்லாம், சித்தி மகள் என்று சொல்லி விசிட் விசாவில் கூப்பிட்டுக்கொள், வந்த பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்றாய். மறைக்க மாட்டேன், அந்த யோசனை எனக்கும் இனித்தது. உன் அத்தானிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் விமானத்துக்குத் திருகாணி முறுக்கிக் கையெழுத்துப் போடுகிறவன், பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் என்று பெயர் வாங்கினால் நாளைக்கு என்னை ஹேங்கருக்குள் விடுவார்களா என்று கேட்டார். அதற்கு மேல் என்ன பேச? முறைப்படியே போகிறோம்.

முறைப்படி என்றால் என்னவென்று நினைக்கிறாய்? ஈப்போவில் ஏஜென்டிடம் போனோம், போட்டோ பார்த்தோம், பணத்தைக் கட்டினோம், புது ஃபிரிஜ் வருகிற மாதிரி ஆள் வந்து இறங்கினாள். இங்கே முதலில் நானே ஒரு முதலாளியாகப் பதிவு செய்ய வேண்டுமாம். இந்த வேலைக்கு இந்த ஊரிலேயே ஆள் கிடைக்கிறதா என்று விளம்பரம் போட்டுத் தேட வேண்டுமாம். சம்பளம் மணிக்கணக்கில், இந்த ஊர்க்காரிக்குக் கொடுக்கிற அதே சம்பளம். லீவுக்கும் சம்பளம். என் தரப்புக் கட்டணத்தில் ஒரு காசுகூட அவள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு விசா கிடைக்குமா என்றால், அதற்கு உறுதி இல்லை அக்கா என்கிறார் யசீகரன்.

அதுகூடப் பரவாயில்லை. நான் உருகி உருகி எழுதிய அத்தாட்சிக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். “அக்கா, குறை நினையாதேங்கோ. இது மீனாட்சிக்கு நற்சான்று இல்லை. உங்கட குடும்பத்துக்கு எதிரான முறைப்பாடு. இதை அப்பிடியே அனுப்பினால், உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டு விசாரிப்பினம்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகாரா, எதைத் தப்பாக எழுதினேன் என்று கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. இவவுக்கு வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். வீட்டோடு இருக்கிறவளுக்கு மணி ஏது என்றேன். படுக்க அறை இருந்ததா என்றார். அம்மா அறையில்தான் என்றேன். வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்றார். அவள் கேட்டதே இல்லையே என்றேன். வீட்டுப் பெண் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, வீட்டுப் பெண்ணா, வேலைக்கு வந்தவவா, எதென்று தீர்மானித்துச் சொல்லுங்கோ என்றார். என் கைப்பை ஜிப் பழுதா என்று பார்க்கிற மாதிரி அதையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து, அம்மாவுக்குப் பகலில் என்ன வேலை, சாயங்காலம் என்ன வேலை, ராத்திரி என்ன வேலை என்று என்னையே சொல்லச் சொல்லி எழுதினார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அக்கா, இது மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலை என்றார். மூன்று பேரை வரவழைக்க நான் என்ன சுல்தானா? பகல் வேலைக்கு மட்டும் மீனாட்சி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்தோம்.

ஆனாலும் நான் விடுகிற ஆளா? கதிர் தன் அறையைக் காலி செய்து பின்பக்கத்து ஸ்லீப்அவுட் என்கிற தனி அறைக்குப் போய்விட்டான். மீனாட்சிக்கு அந்த அறைதான். கட்டில், ஹீட்டர், பூப்போட்ட திரை எல்லாம் வாங்கியாயிற்று. உன் அத்தான் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். வீட்டு மார்ட்கேஜ் தவணையைத் தள்ளி வைக்க முடியுமா என்று பேங்கில் கேட்டிருக்கிறோம். எனக்குக் காலும் கையும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட எழுந்து எழுந்து போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஒரு சந்தோஷமான சேதி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கோபத்தோடு மீனாட்சி கையில் போனைக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆக்லாந்துக்கு வருகிறாயா என்று நான் கேட்டு முடிக்கவில்லை. “வர்றேன்க்கா, எப்பக்கா, இந்த மாசமேவா?” என்று பறந்தாள். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை இப்பவே கையில் வாங்கி வைத்துக்கொள்ளணுமாக்கா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். பார்த்தாயா, அம்மாமேல் அவளுக்கு எவ்வளவு பாசம்! நீதான் அவள் வரமாட்டாள், குளிர் ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் கதை சொன்னாய்.

இனிமேல் யசீகரன் அவளோடு தனியாகப் பேசுவாராம். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாதாம். அன்றைக்கு நீ மார்க்கெட்டுக்குப் போய்விடு. மெடிக்கலுக்கு அவளுடைய பாஸ்போர்ட் தேவைப்படும், எடுத்து வை. ரஷ்மியை நன்றாகப் படிக்கச் சொல்.

கோபம் இல்லாத அக்கா,
விக்னேஸ்வரி


மவுண்ட் ரோஸ்கில்
ஆகஸ்ட் 18

சுபா,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. கூரியரில் அனுப்புகிறேன், சீக்கிரம் வந்துவிடும்.

யசீகரன் மீனாட்சியோடு பேசிவிட்டார். பேசிவிட்டு எனக்குப் போன் செய்யவில்லை. நேராக மருந்துக்கடைக்கு வந்து, கொஞ்சம் வெளியே வரமுடியுமா என்று கேட்டார். கார் நிறுத்துமிடத்தில் மழையில் நின்றுகொண்டு சொன்னார். மீனாட்சியின் சம்மதத்தோடுதான் சொல்கிறார் என்பதையும் முதலிலேயே சொன்னார்.

அவள் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதானாம். ஆக்லாந்துக்கு வருகிற பிளேன் வழியில் சென்னையில் நிற்குமா சார் என்று கேட்டிருக்கிறாள். நிற்காது என்றதும், பாஸ்போர்ட்டை ஏர்போர்ட்டில் என் கையில்தானே கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அறந்தாங்கியில் அவள் மகள் அஸ்வினிக்குத் தலைப்பிரசவம். புரட்டாசியில் குழந்தை பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் இல்லாத பெண். ஆனியில் வளைகாப்பு நடந்தபோது, உன் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் நின்று போனில் பார்த்தாளாம். பிரசவத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று உன்னிடம் சித்திரையிலேயே கேட்டிருக்கிறாள். ரஷ்மி பரீட்சை முடியட்டும் என்று நீ சொல்லிவிட்டாய்.

“அவ இஞ்ச வர விரும்பேல்லை அக்கா. பாஸ்போர்ட் கையில வரவேணும், அதுக்குத்தான் உங்களுக்கு ஓம் எண்டவ. ஏர்போர்ட்டில வச்சு ஊருக்கு டிக்கெட் எடுக்கிறதுதான் அவவின்ர திட்டம்” என்றார் யசீகரன். பாசம் என்று நான் உனக்கு எழுதினேனே, அதை நினைத்துக்கொண்டேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். கார் கதவைச் சாத்திக்கொண்டு அவளைத் திட்டித் தீர்த்தேன். நான் அறை ஒதுக்கி, ஹீட்டர் வாங்கி, வீட்டுக்காரரைச் சனிக்கிழமையும் வேலைக்கு அனுப்பிக் காத்திருக்கிறேன். இவள் என் அம்மாவைப் பாலமாக வைத்து ஊருக்குப் போகப் பார்க்கிறாளா என்று. யசீகரன் அதற்கு முன்பே, முடிவு உங்கள் கையில், பேப்பரைப் போடச் சொன்னால் போடுகிறேன், ஆனால் அவவின் மனம் இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன். பேப்பரைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். டிக்கெட்டை நான் எடுத்து, ஏர்போர்ட்வரை திவாகரைக் கூடப் போகச் சொன்னால் அவள் எங்கே போவாள்? வந்து இறங்கி அம்மாவைப் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடும். பிள்ளைப்பேறு அவள் இல்லாமலும் நடக்கும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உன் அத்தான், நீயும் அம்மா மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் மீனாட்சிக்கு வீடியோ கால் போட்டேன். வேவு பார்க்கத்தான் போட்டேன், வேறு எதற்குமில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம். நானும் நீயும் தலைகீழாக நின்றாலும் அது வராது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மா முழுசாக ஒரு பேச்சுப் பேசினார். “மீனா, அஸ்வினி தனியா இருக்குமே, நீ இன்னும் ஊருக்குப் போகலியா?” என்று கேட்டார்.

நம் பெயர் ஞாபகமில்லாத அம்மா, சுபா. அவள் மகளின் பெயரைச் சொன்னார்.

மீனாட்சி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். திரை இருட்டாகிவிட்டது. உன் வீட்டுக் குழாயில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. நானும் போனைத் துண்டிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். தண்ணி வீணாப் போகுது, போய் மூடு என்று அம்மா என்னிடம் சொன்னார்.

மறுநாள் யசீகரனைக் கூப்பிட்டுப் பேப்பரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்சத்துக்காரர்களுக்குப் போன் செய்து இடம் வேண்டும் என்று சொன்னேன். அங்கே போய்க் கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன். அம்மாவுக்கு நான் செய்கிற துரோகம் என்று என் மனசு இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சுமப்பது என் பாடு.

உன் பாடு இது. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு அவளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை. அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடு. திரும்பி வரச் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்காதே. அழுதுகொண்டு கொடுக்காதே. சும்மா கொடு. ரஷ்மிக்குப் பதினேழு வயசாகிறது, ஒரு மேகி கிளறிக்கொள்ளத் தெரியும். நீயும் சமையலை மறந்திருக்க மாட்டாய்.

கொடுக்க முடியாது என்றால் சொல். நான் அடுத்த பிளேனில் வந்து உன் அலமாரியைத் திறப்பேன். சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால்தானே வைப்பாய்? சின்ன வயசிலிருந்து உனக்கு ஒரே இடம்தான்.

என்மேல் கோபப்படு, பரவாயில்லை. இதில் நான் உன்னைவிட நல்லவள் என்று நினைத்துக்கொண்டு எழுதவில்லை.

அக்கா


மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து
ஆகஸ்ட் 20

அன்புள்ள மீனாட்சிக்கு,

விக்னேஸ்வரி அக்கா எழுதுகிறேன். ஈப்போ வீட்டு முகவரிக்கு உன் பெயர் போட்டு வருகிற முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். அம்மாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டியவள் நீ, இதையும் நீயே படித்துக்கொள். யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இதோடு விமான டிக்கெட் வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கோலாலம்பூரில் ஏறினால் மத்தியானம் சென்னை. பாஸ்போர்ட்டைச் சுபா உன்னிடம் கொடுத்திருப்பாள். கொடுக்காவிட்டால் தயங்காமல் எனக்குப் போன் செய். ஏர்போர்ட்டுக்கு திவாகர் கொண்டுபோய் விடுவார், அவரிடம் பேசிவிட்டேன். உள்ளே போகிறவரை பாஸ்போர்ட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். அஸ்வினிக்கு நான் ஒரு வளையல் அனுப்ப ஆசைப்பட்டேன். கூரியர்காரன் தங்கம் எடுக்க மாட்டேன் என்கிறான். அதனால் என் ஆசீர்வாதத்தை மட்டும் சொல். தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடியாக வீடு வரட்டும். சேதி தெரிந்ததும் ஆணா பெண்ணா என்று ஒரு வார்த்தை போடு.

அம்மாவை எப்சத்தில் ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். நேற்றுத்தான் கொண்டுபோய் விட்டோம். ஒரே நாளில் எதையும் சொல்ல முடியாது. சாயங்காலம் பிளாஸ்கில் ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். பாதி குடித்தார். மீதியை எனக்குக் கொடுத்தார். கொட்டக் கூடாது, நீ குடி என்று பிடிவாதம். குடித்தேன். அங்கே வேலை செய்கிற பிஜிக்காரப் பெண் ஒருத்தி, சாப்பாடு, தண்ணீர், வலி என்று நான்கைந்து தமிழ் வார்த்தை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பார்ப்போம்.

உன்னை இங்கே கூப்பிடுகிற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, மீனாட்சி. அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். உனக்கென்று ஒதுக்கிய அறை அப்படியே இருக்கிறது. கதிர் பின்பக்கமே சுகம் என்கிறான், அவன் திரும்பி வர மாட்டான். பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, மகளுக்குத் தெம்பு வந்த பிறகு, உனக்கே வர வேண்டும் என்று தோன்றினால் சொல். யசீகரன் சாரிடம் மறுபடியும் போகிறேன். வேலை நேரம், ஓய்வு நாள், சம்பளம் எல்லாம் எழுத்தில் இருக்கும். அதில் உனக்குப் பிடிக்காததை அடித்துவிட்டு உன் கணக்கை நீ எழுதலாம். விசா கிடைக்குமோ கிடைக்காதோ, அது வேறு விஷயம்.

ஆனால் வர விருப்பம் இல்லை என்றால், வர மாட்டேன் என்றே சொல். பார்க்கலாம்க்கா, யோசிக்கிறேன்க்கா என்று சொல்லாதே. எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து ஒரு ‘மாட்டேன்’ நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் எனக்குக் கோபம் வரும். இரண்டு நாள் முணுமுணுப்பேன், என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவேன். அதை நீ பார்க்கப் போவதில்லை. என் முகத்துக்கு எதிரில் சொல்வது உனக்குக் கஷ்டம் என்றுதான் போனில் கேட்காமல் கடிதத்தில் கேட்கிறேன்.

எந்தப் பதிலானாலும் உன் ஊரிலிருந்து எழுது, தாயி.

இப்படிக்கு,
விக்னேஸ்வரி